லடாக் தெரியும்... சித்தேரி தெரியுமா?

நாட்டிலேயே நீளமான நெடுஞ்சாலை தருமபுரி வழியாகப் போகிறது. அந்தச் சாலையிலிருந்து ஒரு பகல் பொழுதுகூடப் பயணம் வேண்டாத மலைகளில், நோயாளியை டோலி கட்டி இறக்கும் ஊர்கள் இருக்கின்றன. மலைப்பாதை யாருக்காகப் போடப்படுகிறது, யாருக்காகப் போடப்படாமல் நிற்கிறது?

2024 ஏப்ரல் 18. மறுநாள் மக்களவைத் தேர்தல். பென்னாகரம் சட்டமன்றத் தொகுதிக்குள் வரும் கோட்டூர் மலையின் அடிவாரத்தோடு வாகனங்கள் நின்றுவிட்டன. அதற்கு மேல் சாலை கிடையாது. வாக்குப்பதிவு இயந்திரம், விவிபேட், படிவங்கள் அடங்கிய பைகள் எல்லாம் கழுதைகளின் முதுகில் ஏற்றிக் கயிறு போட்டு இறுக்கப்பட்டன. கழுதைகள் முன்னால் நடக்க, கல்லும் வேரும் துருத்திக்கொண்டிருந்த ஒற்றையடிப் பாதையில் வாக்குச்சாவடி அலுவலர்களும் போலீஸாரும் பின்னால் ஏறினார்கள். சித்திரை மாத வெயில். மூச்சு வாங்க ஏறியவர்கள் மறுநாள் வாக்குப்பதிவு முடிந்ததும் அதே பாதையில் இறங்கியாக வேண்டும்.

2021 சட்டமன்றத் தேர்தலிலும் இதே காட்சிதான். ஒவ்வொரு தேர்தலுக்கும் கழுதைப் படம் நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. ஜனநாயகத்தின் அழகு என்று தலைப்பும் போடுகிறார்கள். ஓட்டு எண்ணி முடிந்ததும் மலை செய்தியிலிருந்து மறைந்துவிடுகிறது. கழுதை மட்டும் அங்கேயே இருக்கிறது. ரேஷன் அரிசியும் உப்பும் மற்ற நாள்களில் ஏறுவது அதன் முதுகில்தான். வீடு கட்ட நினைப்பவர் சிமென்ட் மூட்டையின் விலையோடு அதை மேலே ஏற்றும் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். விளைந்த தானியத்தை இறக்கி விற்கும்போதும் அதே கூலி. வாங்கும்போதும் நஷ்டம், விற்கும்போதும் நஷ்டம்.

இதே மாவட்டத்தின் நடுவே தேசிய நெடுஞ்சாலை 44 ஓடுகிறது. ஸ்ரீநகரில் தொடங்கி, கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் கணவாய் என்று இறங்கி, கன்னியாகுமரியில் முடிகிற சாலை. கோடை வந்தால் தமிழ்நாட்டு இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் பை கட்டிக்கொண்டு இந்தச் சாலையில்தான் லடாக்குக்குப் புறப்படுகிறார்கள். மணாலி, ரோதாங், லே, கர்துங்லா என்று அவர்களுக்கு ஊர்ப் பெயர்கள் மனப்பாடம். அந்த ஆசையில் குறையொன்றும் இல்லை. இமயத்தைப் பார்க்காமல் சாகக் கூடாது என்று நினைக்கிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் தருமபுரியைக் கடக்கும்போது கிழக்கே தெரிகிற நீல வரிசையின் பெயர் என்னவென்று கேட்டால், பெரும்பாலோரிடம் பதில் இருப்பதில்லை. அந்த வரிசையில்தான் வத்தல்மலை இருக்கிறது. அதற்கும் அப்பால், அரூருக்கு அந்தப் பக்கம் சித்தேரி மலை.

எல்லைக்கு ஒரு சட்டம், உள்நாட்டுக்கு ஒரு சட்டம்

இமயமலையில் சாலை வந்ததற்குக் காரணம் எல்லை. 1960 மே 7-ம் தேதி எல்லைச் சாலைகள் அமைப்பு தொடங்கப்பட்டது. இரண்டே ஆண்டில் சீனாவுடன் போர் வந்தது. பனி மூடும் கணவாய்களில் ராணுவ லாரி ஏறியாக வேண்டும் என்ற கட்டாயத்தில் மலைகள் குடையப்பட்டன. ரோதாங் கணவாய்க்கு அடியில் 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபர் 3-ம் தேதி திறக்கப்பட்டது. சன்ஸ்கார் பள்ளத்தாக்கை ஊடறுத்துப் போகும் நிம்மு - பதும் - தார்ச்சா சாலை 2024 மார்ச்சில் இணைந்தது. சுற்றுலாப் பயணி போவது ராணுவத்துக்காகப் போட்ட பாதையில்தான்.

அதைவிட முக்கியமான செய்தி ஒன்று நம் ஊரில் அதிகம் பேசப்படவில்லை. 1980-ம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தில் 2023-ல் திருத்தம் வந்தது. சர்வதேச எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் தேசப் பாதுகாப்புக்காகப் போடப்படும் சாலை போன்ற திட்டங்களுக்கு அந்தச் சட்டத்தின் முன் அனுமதி இனித் தேவையில்லை. இமயத்தின் பெரும்பகுதி இந்த 100 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

தருமபுரி எந்தச் சர்வதேச எல்லையிலும் இல்லை. ஆகவே, சித்தேரி மலையின் ஒரு குக்கிராமத்துக்குப் பத்தடி அகலத்தில் ஒரு மண்பாதையை அகலப்படுத்தினாலும் வனச் சட்டம் வந்து நிற்கும். எல்லையில் ஒரு பீரங்கி போவதற்குத் தேவைப்படாத கையெழுத்து, இங்கே ஒரு கர்ப்பிணி இறங்குவதற்குத் தேவைப்படுகிறது.

சாலைக்குப் பணம் தரும் திட்டத்திலும் இந்த ஏற்றத்தாழ்வு உண்டு. 2000 டிசம்பர் 25-ல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேர் வாழும் குடியிருப்புகளைக் கணக்கில் எடுத்தது. இமாச்சல், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர், வடகிழக்கு மாநிலங்கள், ஐந்தாம் அட்டவணைப் பழங்குடிப் பகுதிகள் போன்றவற்றுக்கு 250 பேர் போதும் என்று தளர்த்தியது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூடக் கிடையாது. மலைமேல் சரிவுக்குச் சரிவு சிதறிக் கிடக்கும் வளவுகளில் முப்பது வீடு இருந்தாலே பெரிய ஊர். இவற்றில் 500 தலைகளுக்கு எங்கே போவது?

பெட்டிச் செய்தி: தருமபுரி - சில கணக்குகள்

சேலத்திலிருந்து பிரிந்து 1965 அக்டோபர் 2-ல் மாவட்டமானது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனியே பிரிந்தது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15,06,843 பேர். எழுத்தறிவு 68.54 சதவிகிதம், தமிழ்நாட்டில் கடைசி இடம்.

மலைகளில் வாழ்பவர்களில் பெரும்பான்மையோர் ‘மலையாளி’ பழங்குடியினர். தாய்மொழி தமிழ். காஞ்சிபுரம் பக்கமிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது அவர்களுக்குள் வழங்கிவரும் கதை. கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை.

தருமபுரி, சேலம் போன்ற மாவட்டங்களில் பழங்குடிப் பட்டியலில் இருக்கும் இதே மக்கள், ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கான கோரிக்கை பல பத்தாண்டுகளாக நிலுவையில் இருக்கிறது.

வத்தல்மலை: பஸ் ஏறிய பிறகு

தருமபுரி நகரிலிருந்து வத்தல்மலை சுமார் 25 கிலோமீட்டர். அடிவாரம் தாண்டியதும் இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் கீழே தருமபுரிச் சமவெளி கொஞ்சம் கொஞ்சமாக அகலும். மேலே போனால் பெரியூர், பால்சிலம்பு, ஒன்றியங்காடு, சின்னாங்காடு, மண்ணாங்குழி என்று சிறு ஊர்கள். சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடி, அந்த மரத்தையே பற்றி ஏறும் மிளகுக் கொடி, இடையிடையே பலா. சரிவில் கேழ்வரகும் சாமையும். வெயிலுக்குப் பெயர்போன மாவட்டத்தில் இப்படி ஓர் இடமா என்று முதன்முறை ஏறுபவர்கள் திகைத்துப் போவார்கள்.

2021 செப்டம்பர் 30-ம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் இந்த மலைக்கு வந்து மக்களைச் சந்தித்தார். அதற்குப் பிறகுதான் அரசுப் பேருந்து வளைவுகளைத் தாண்டி மேலே வந்தது. சுதந்திரம் வந்து முக்கால் நூற்றாண்டு ஆன பின் வந்த பஸ்.

ஒரு பஸ் என்ன செய்துவிடும் என்று சமவெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். மலையில் அது வீட்டுக் கணக்கையே மாற்றிவிடும். எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட இருந்த பெண் பிள்ளை கீழே பள்ளிக்குப் போய் மாலையில் வீடு திரும்ப முடியும். குழந்தைத் திருமணம் இன்னும் ஒழியாத மாவட்டம் இது. பள்ளிக்கூடம் எவ்வளவு தொலைவு என்பதும் ஒரு பெண்ணின் கல்யாண வயதை முடிவு செய்கிறது. காப்பிக்கொட்டை விற்பவனுக்கும் பஸ் பலம். மேலே வந்து வாங்கும் வியாபாரி சொன்னதே விலை என்ற நிலை மாறி, மூட்டையோடு தானே இறங்கி நாலு கடை விசாரிக்கலாம். மாதாமாதம் மாத்திரை வாங்க வேண்டிய சர்க்கரை நோயாளி, யாரும் வண்டியில் கூட்டிப்போவார்களா என்று காத்திருக்க வேண்டாம்.

பாதையில் வேறு சிலவும் ஏறுகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் பைக் கூட்டம், வளைவுகளில் செல்ஃபி, பாறை இடுக்குகளில் தண்ணீர் பாட்டிலும் மது பாட்டிலும். சுற்றுலாத் தலமாக்கும் அறிவிப்புகளும் ஒவ்வோர் ஆட்சியிலும் வந்துகொண்டிருக்கின்றன. சுற்றுலா வருமானம் மலைக்காரர்களின் மடியில் விழுந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் பக்கத்து மலையின் வரலாறு அப்படி நடந்ததாகச் சொல்லவில்லை.

ஏற்காடு சொல்லும் பாடம்

1820-ல் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியை அறிமுகப்படுத்தினார். தோட்டங்கள் வந்தன, பங்களாக்கள் வந்தன, பிறகு மலைப்பாதையும் ஓட்டல்களும் வந்தன. இன்று அங்குள்ள ஏற்காடு உலகத்துக்கே தெரியும். அந்த மலையின் ஆதிக்குடிகளான மலையாளிகளோ, தலைமுறைகளாகத் தங்கள் மலையிலேயே தோட்டக் கூலிகளாக இருந்தவர்கள். நல்ல நிலம் முதலில் கைமாறியது. மற்றதெல்லாம் அதன் தொடர்ச்சி.

ஆந்திரத்தில் பழங்குடிப் பகுதி நிலத்தைப் பழங்குடி அல்லாதவர் வாங்க முடியாதபடி 1970-ம் ஆண்டிலேயே இறுக்கமான சட்டம் செய்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் அந்த வலிமையோடு ஒரு சட்டம் இல்லை. ஐந்தாம் அட்டவணை இல்லாததால், அந்தப் பகுதிகளின் கிராம சபைக்கு நிலம் குறித்துத் தனி அதிகாரம் தரும் 1996-ம் ஆண்டின் பெசா சட்டமும் இங்கே பொருந்தாது. வத்தல்மலையில் வளைவுக்கு வளைவு ரிசார்ட் எழும் நாள் வந்தால், தடுக்க மலைக்காரன் கையில் என்ன இருக்கும்? சாலை வருவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இப்போதாவது கேட்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை இமயத்திலிருந்தே வருகிறது. 2023 ஜனவரியில் உத்தராகண்டின் ஜோஷிமடத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்ட வீடுகள் விரிசல் விட்டன. தளர்ந்த மண்மேல் கட்டடத்துக்குமேல் கட்டடம் எழுப்பிய ஊர் அது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பாறை இமயத்தைவிடப் பல மடங்கு பழையது, உறுதியானது. என்றாலும் மலையை வெட்டிய இடத்தில் தண்ணீர் வடிய வழியில்லாவிட்டால் எந்த மலையும் சரியும். ஃபெஞ்சல் புயல் கரையேறிய பின், 2024 டிசம்பர் தொடக்கத்தில், அரூரை அடுத்த ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இனி இந்தப் பக்கம் போடும் மலைச்சாலை எதுவும் அந்த மழையை மனதில் வைத்துத்தான் போடப்பட வேண்டும். அகலத்தைக் குறைத்து, வடிகாலையும் தடுப்புச் சுவரையும் கூட்டிப் போடுகிற சாலையே மலைக்கு ஏற்றது. ரிசார்ட்டுக்கு வரும் சொகுசுப் பேருந்துக்கு வேண்டிய அகலம், ஆம்புலன்ஸுக்குத் தேவையில்லை.

சித்தேரி: அரூரிலிருந்து ஓர் ஏற்றம்

அரூர் ஒரு சிற்றூர்ப் பட்டணம். கரும்பு, மரவள்ளி, புளி மூட்டை ஏற்றிய லாரிகள், தீர்த்தமலைக்குப் போகும் பக்தர் கூட்டம், பஸ் நிலையத்தைச் சுற்றி டீக்கடைகள். மலைக்காரர்களுக்கு இதுதான் மாநகரம். ஆஸ்பத்திரியும் தாலுகா அலுவலகமும் வங்கியும் விதைக்கடையும் எல்லாமே அரூர். ‘கீழ போறேன்’ என்றால் அரூர் போகிறார்கள் என்று பொருள்.

இங்கிருந்து முப்பது கிலோமீட்டர் அளவில் சித்தேரி. அறுபதுக்கும் மேற்பட்ட குக்கிராமங்களை உள்ளடக்கிய ஊராட்சி. தலைமை ஊரான சித்தேரிக்குச் சாலையும் பஸ்ஸும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையமும் உண்டுறைவிடப் பள்ளியும் உண்டு. சிக்கல் அங்கிருந்து பிரியும் கிளைகளில்தான். மழைக்காலத்தில் ஓடை குறுக்கிட்டால் நின்றுவிடும் பாதைகள், ஜீப் மட்டும் தட்டுத் தடுமாறிப் போகும் பாதைகள், கால்நடையாகவே போக வேண்டிய பாதைகள் என்று தரம் தரமாக இருக்கின்றன. அரசு ஆவணத்தில் ‘சித்தேரிக்குச் சாலை வசதி உண்டு’ என்ற ஒரு வரி இந்த அறுபது ஊர்களையும் மூடி மறைத்துவிடுகிறது.

மலையின் அடிவாரத்தில் வாச்சாத்தி. அந்தப் பெயரைத் தெரியாத தமிழ் வாசகர் இருக்க முடியாது. 1992 ஜூன் 20-ம் தேதி சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம், அதுவரை உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. மிகச் சரியாக 12 ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி.வேல்முருகன் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும், அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார்.

சாலையைப் பற்றிய கட்டுரையில் இதை ஏன் சொல்ல வேண்டும்? அந்த மக்கள் 19 ஆண்டுகள் நீதிமன்றத்துக்கு நடந்தார்கள். உண்மையாகவே நடந்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் துணை நிற்காவிட்டால் வழக்கு அடிவாரத்திலேயே புதைந்திருக்கும். ஒரு லாரி நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு அதிகாரம் ஊருக்குள் வரப் பாதை கிடைத்தது. அந்த ஊர் வெளியே வந்து முறையிடத்தான் பாதை கிடைக்கவில்லை.

மலையேறி வந்த தரகர்கள்

வாச்சாத்திக்கு மேலே, காட்டுக்குள் இருக்கின்றன அரசநத்தமும் கலசப்பாடியும். பல பத்தாண்டுகளாகச் சாலைக்கு மனு கொடுத்துக் களைத்த ஊர்கள். ஊர்க்காரர்களே மண்வெட்டியும் கடப்பாரையுமாகச் சேர்ந்து தடத்தைச் செப்பனிட்ட செய்திகள் வந்ததுண்டு.

2015 ஏப்ரல் 7-ம் தேதி திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில் ஆந்திரத்தின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. இருபது பேரும் தமிழர்கள். பெரும்பாலானவர்கள் திருவண்ணாமலை மாவட்டத்தினர். ஏழு பேர் தருமபுரி மாவட்டத்தின் இந்த மலைக்காரர்கள். மோதல் என்றது போலீஸ். பிடித்து வைத்துக் கொன்றார்கள் என்றன குடும்பங்களும் மனித உரிமை அமைப்புகளும். தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்டது.

அன்று சென்னையிலும் ஹைதராபாத்திலும் நடந்த விவாதங்கள் எல்லாம் துப்பாக்கியைப் பற்றியே இருந்தன. அந்த ஏழு பேர் ஏன் அங்கே போனார்கள் என்பது ஓரிரு நாள் பேச்சோடு முடிந்துவிட்டது. மழையை நம்பிய சாமைக் காடு, ஆண்டில் சில மாதமே வேலை, விளைந்ததை இறக்க வழியில்லை. கோடாரி பிடிக்கத் தெரிந்த கை. நாள் கூலியைப் பல மடங்காகச் சொல்லும் தரகர். அரசாங்கத்தின் ஜீப் ஏற முடியாத ஊருக்கு, தரகர் மட்டும் தவறாமல் நடந்தே வந்துசேர்கிறார். பாதை வந்துவிட்டால் வறுமை போய்விடும் என்று நான் சொல்ல வரவில்லை. கீழே போய் மாலையில் திரும்பக்கூடிய வேலை ஒன்று இருந்தால், சேஷாசலத்துக்கு லாரி ஏறும் ஆட்களின் எண்ணிக்கை குறையும். அதை உறுதியாகச் சொல்வேன்.

டோலியும் பாம்புக்கடியும்

மலையில் நோய் என்றால் முதல் கேள்வி என்ன நோய் என்பதல்ல. தூக்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான். இரண்டு மூங்கில், ஒரு போர்வை, நாலு பேர் சுமக்க, மாற்றுத் தோள் கொடுக்க இன்னும் நாலு பேர். இளைஞர்கள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் கேரளத்துக்கும் வேலைக்குப் போய்விட்ட ஊர்களில் அந்த எட்டுப் பேர் சேர்வதே கஷ்டம்.

பிரசவத்துக்கு ஓரளவு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். நாள் நெருங்கும் முன்பே கர்ப்பிணியைக் கீழே கூட்டிவந்து, சுகாதார நிலையத்தின் காத்திருப்பு அறையிலோ உறவுக்காரர் வீட்டிலோ தங்கவைப்பது நடக்கிறது. பாம்பு நாள் சொல்லிக் கடிப்பதில்லை.

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே குழந்தை இறந்தது. உடற்கூறாய்வு முடிந்து கொண்டுவந்த ஆம்புலன்ஸ், சாலை முடிந்த இடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பியது. தாய் தன் குழந்தையின் உடலைச் சுமந்துகொண்டு மலைமேல் நடந்தார். அந்தப் படம் தமிழ்நாட்டை உலுக்கியது. மலை வேறு, மாவட்டம் வேறு. ஆனால் அல்லேரியில் வாழ்பவர்களும் இதே மலையாளிகள்தான். அங்கே நடந்தது சித்தேரியின் கிளை ஊர் எதிலும் எந்த இரவிலும் நடக்கலாம்.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நான்கின் நஞ்சுக்கும் சேர்த்து ஒரே முறிமருந்து இருக்கிறது. அந்த மருந்து செய்யத் தேவைப்படும் நஞ்சில் பெரும்பங்கை எடுத்துத் தருபவர்கள் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். ஒரு பழங்குடியின் திறமையால் நாடு முழுவதும் போகிற மருந்து, இன்னொரு பழங்குடியின் ஊருக்கு எட்டுவதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. மருந்தை விஷம் முந்திக்கொள்ளும் அந்த நேரத்துக்குப் பெயர்தான் சாலையின்மை.

ஒரு ஹெக்டேர் கணக்கு

மலைக்காரர்கள் சாலை கேட்டால், ‘வனத்துறை அனுமதி இல்லை’ என்பதே பதில். கோட்டூருக்கும் கலசப்பாடிக்கும் இதே பதில்தான் பல காலம் கிடைத்தது. அது முழு உண்மையும் அல்ல, முழுப் பொய்யும் அல்ல.

2006-ல் வந்த வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு இதற்கென்றே எழுதப்பட்டது. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, குடிநீர், சாலை உள்ளிட்ட 13 வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைத் தரலாம். வெட்டப்படும் மரம் ஹெக்டேருக்கு 75-ஐத் தாண்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். கோப்பு டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. மாவட்ட அளவிலேயே முடித்துவிடலாம்.

நல்ல சட்டம்தான். ஆனால் தமிழ்நாட்டில் உரிமைப் பட்டா வழங்குவதற்கு 2008-ல் உயர் நீதிமன்றத் தடை வந்தது. 2016-ல்தான் அது விலகியது. நாட்டின் மற்ற மாநிலங்கள் நடந்துபோன எட்டு ஆண்டுகளை நம் மலைகள் உட்கார்ந்தே கழித்தன.

அடுத்த தடை கணக்கில் இருக்கிறது. ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். நான்கு மீட்டர் அகலத்தில் சாலை போட்டால் இரண்டரை கிலோமீட்டரில் அந்த ஒரு ஹெக்டேர் தீர்ந்துவிடும். மூன்று மீட்டர் போட்டாலும் 3.3 கிலோமீட்டர்தான். ஏழு, எட்டு கிலோமீட்டர் காட்டுக்குள் போக வேண்டிய ஊருக்கு இந்தக் கதவு போதாது. அதற்கு மேல் 1980-ம் ஆண்டுச் சட்டத்தின் வழிதான்: மாற்று நிலம், மரம் நடும் தொகை, மாநில அரசு, மத்திய அரசின் மண்டல அலுவலகம் என்று கோப்பு நீண்ட யாத்திரை போக வேண்டும். அந்தக் கோப்பின் பின்னால் யாராவது விடாமல் நடக்க வேண்டும். ஒரு கலெக்டர் ஆர்வமாக எடுத்துச் செல்வார். பாதி வழியில் மாற்றலாவார். அடுத்தவர் முதலிலிருந்து தொடங்குவார்.

காட்டைக் காப்பாற்றும் சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சித்தேரியின் காடு போனால் அரூரின் கிணறுகளும் போய்விடும். காட்டை அழித்துச் சாலை போடுங்கள் என்று மலைக்காரர்களும் கேட்கவில்லை. பாட்டன், பூட்டன் நடந்த அதே தடத்தைச் சீராக்கித் தரச் சொல்கிறார்கள். ஏற்கெனவே தேய்ந்து தடமான இடத்தில் வெட்ட எத்தனை மரம் இருந்துவிடும்?

சன்ஸ்காரில் லாமா சுல்ட்ரிம் சோன்ஜோர் என்ற துறவி இருக்கிறார். சாலைக்காகக் காத்திருந்து அலுத்துப்போய், பூர்வீகச் சொத்தை விற்று இயந்திரம் வாங்கி, ரம்ஜக்கிலிருந்து கர்க்யாக் வரை 38 கிலோமீட்டர் தடத்தை அவரே வெட்டினார். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது இந்திய அரசு. அதே வேலையைச் சித்தேரி மலையில் ஒருவர் செய்தால் வன நிலத்தில் அத்துமீறியதாக வழக்குத்தான் வரும். ஒரே நாடு, இரண்டு மலைகள்.

பெட்டிச் செய்தி: மலையேற நினைப்பவர்களுக்கு

வத்தல்மலைக்குத் தருமபுரியிலிருந்தும் சித்தேரிக்கு அரூரிலிருந்தும் அரசுப் பேருந்து உண்டு. அதிலேயே போங்கள், வசூல் இருந்தால்தான் அந்த வண்டி தொடர்ந்து ஓடும்.

ஐப்பசி தொடங்கித் தை வரை மலை பசுமையாக இருக்கும். கனமழை எச்சரிக்கை இருந்தால் போக வேண்டாம்.

சாமை, கேழ்வரகு, தேன், மிளகு, காப்பித்தூள், பலா எல்லாம் விளைவித்தவர் கையிலிருந்தே வாங்கலாம். பேரம் பேசாதீர்கள்.

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

பென்னாகரம் பக்கம் போகிறவர்கள் வழியில் பாப்பாரப்பட்டியில் இறங்கலாம். சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23-ல் உயிர்விட்ட ஊர். அவருடைய நினைவிடம் அங்கே இருக்கிறது.

திங்கட்கிழமை மனு

வாரந்தோறும் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள். காலையில் மனு கொடுக்க வேண்டுமென்றால், கிளைப் பாதையில் இருக்கும் ஊர்க்காரர் விடியும் முன்பே இறங்கத் தொடங்க வேண்டும். நடை, ஜீப், பஸ், மறுபடி பஸ். ஒரு நாள் கூலி போய்விடும். மனுவுக்கு ஒரு ரசீது கிடைக்கும். அந்த ரசீதுகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, கூரைக் கம்பில் செருகி வைத்திருக்கிறார்கள். தகப்பன் கொடுத்த மனுவின் ரசீதை மகன் அடுத்த மனுவோடு இணைக்கிறான்.

மாவட்ட நிர்வாகம் நினைத்தால் ஒரு மாதத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. வத்தல்மலை, சித்தேரி, கோட்டூர், ஏரிமலை, அலகட்டு என்று எல்லா மலைகளின் ஒவ்வொரு குக்கிராமத்தையும் வரிசைப்படுத்த வேண்டும். எத்தனை வீடு, பாதை எத்தனை கிலோமீட்டர், அதில் வன நிலம் எத்தனை ஹெக்டேர், வெட்ட வேண்டிய மரம் எத்தனை, 3(2) பிரிவில் முடியுமா முடியாதா, முடியாதென்றால் கோப்பு இப்போது எந்த அலுவலகத்தில், யார் மேசையில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று எழுத வேண்டும். அந்தப் பட்டியலை அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு கிராம சபைக் கூட்டத்திலும் அதை வாசித்து, கோப்பு நகர்ந்திருந்தால் தேதியை மாற்றி எழுத வேண்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம், டெல்லியின் அனுமதியும் வேண்டாம். அடுத்த திங்கட்கிழமை மனுவோடு வருபவரிடம், ரசீதுக்குப் பதிலாக அந்தப் பட்டியலின் ஒரு பிரதியைக் கொடுக்கலாம்.